எந்த மெஷினில் உட்கார்ந்திருக்கிறார்?

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் லைன் சூப்பர்வைசராகப் பல வருஷம் இருந்துவிட்டேன். ஒருவரைக் கெட்டிக்காரர், இன்னொருவரைப் புதுசு என்று மொத்தமாக முத்திரை குத்திவிட்டால் வேலை வாங்க முடியாது. கையில் இருக்கும் இந்த வேலைக்கு அவர் எப்படி என்றுதான் பார்க்க வேண்டும்.

எங்கள் லைனில் ஓவர்லாக் அடிக்கும் அக்கா ஒருவர் இருந்தார். ஸ்டைல் மாறினால் சாம்பிள் பீஸைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவேன். பக்கத்தில் நின்றால் அவருக்குக் கை ஓடாது. ஆள் பற்றாத ஒரு சமயம் அவரையே பேட்லாக்கில் பாட்டம் மடிக்க உட்கார வைத்தோம். ஓவர்லாக்கில் ஓரம் கொஞ்சம் கூடக்குறைய இருந்தாலும் கத்தி வெட்டிச் சரிசெய்துவிடும். எங்கள் பேட்லாக்கில் கத்தி கிடையாது. மடிப்பின் அகலத்தைக் கைதான் காக்க வேண்டும். துணியை இழுத்துப் பிடித்தால் மடிப்பு அலை அலையாகிவிடும். அந்த மெஷினில் அவர் புது ஆள். ஆனால் அதை நாலு பேர் முன்னால் சொல்லக் கூடாது. டீ டைமில், "அக்கா, துணிய இழுக்காதீங்க, மெஷினே இழுத்துக்குமுங்க. மொதல்ல நாலு பீஸ் அடிங்க, சேர்ந்து பார்த்துக்கலாம்" என்றேன். அன்று முழுக்க அவர் பக்கத்திலேயே இருந்தேன்.

பால் ஹெர்சியும் கென் பிளான்சார்டும் 1969-ல் முன்வைத்த தலைமைக் கோட்பாடு இதைத்தான் பேசுகிறது. சொல்லிச் செய்யவைப்பது, விளக்கி இணங்கவைப்பது, கலந்து செய்வது, ஒப்படைப்பது என நான்கு வழிகள். ஆராய்ச்சிகளில் அதற்குக் கிடைத்த ஆதரவு அரைகுறைதான். இருந்தாலும் லைனில் நிற்கும் எனக்கு அது உதவுகிறது.

ஒடிசாவிலிருந்து வரும் புதுப் பையனிடம் "புரிஞ்சுதா தம்பி?" என்று கேட்காதீர்கள், தலையாட்டிவிடுவான். செய்து காட்டச் சொல்லுங்கள். முதல் பண்டிலை உடனே பாருங்கள். அவனைவிடக் கவனிக்க வேண்டியவர், மெஷினில் உட்கார்ந்து சில வாரம் ஆனவர். வந்த வேகம் போயிருக்கும், பக்கத்து டேபிளின் பீஸ் கணக்கைப் பார்த்து மனம் விட்டிருப்பார். ஊருக்குப் பெட்டி கட்டுவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். அப்போது வேலையைத் திருத்துவதோடு நிறுத்தாமல், போன வாரத்தைவிட எங்கே தேறியிருக்கிறார் என்று பீஸை எடுத்துக் காட்டிப் பேச வேண்டும்.

வேலை தெரிந்தும் ஒவ்வொரு பீஸையும் தூக்கிக்கொண்டு வரும் செக்கிங் பெண்ணுக்குப் பதில் சொல்லாதீர்கள். "நீயே சொல்லும்மா, பாஸா ரிஜெக்டா?" என்று கேளுங்கள். கொஞ்ச நாளில் வருவது குறையும்.

ஊசி உடைந்தால் மட்டும் இந்த நெளிவு எதுவும் கிடையாது. பழைய கை, புதுக் கை எல்லாருக்கும் ஒரே சட்டம்: உடைந்த துண்டு அத்தனையும் கிடைத்த பிறகுதான் அடுத்த ஊசி. அந்தத் துணியைப் போடப்போவது ஒரு குழந்தையாக இருக்கலாம்.