உப்புக் காற்றும் குளிர்சாதனமும்: கடைக்காரர் அறிய வேண்டிய சில பாடங்கள்



தராசும் கல்லாப்பெட்டியும் போலக் குளிர்சாதனமும் இன்று கடையின் ஓர் அங்கமாகிவிட்டது. மருந்துக்கடையில் ஃபிரிட்ஜ், பலசரக்குக் கடையில் பால், தயிர், குளிர்பானம் வைக்கும் கூலர், ஜவுளிக்கடையில் ஏ.சி., பேக்கரியில் ஐஸ்கிரீம் பெட்டி என்று இவையில்லாத கடைத்தெரு இல்லை. தூத்துக்குடி முதல் ஆறுமுகநேரி, காயல்பட்டினம், திருச்செந்தூர் வரை இவற்றைப் பொருத்தியும் பழுது பார்த்தும் பிழைக்கின்ற நாங்கள், எங்கள் தொழிலில் கற்றவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம். எங்கள் வேலையை நீங்கள் அறிந்துகொண்டால் உங்கள் பணம் மிஞ்சும். எங்கள் பெயரும் கெடாது.

காஸ் தீர்ந்து போவதில்லை

"குளிர் குறைஞ்சு போச்சு, காஸ் தீர்ந்திருக்கும், போட்டு விடுங்க அண்ணாச்சி" என்பதுதான் எங்களுக்கு வரும் அழைப்புகளில் பெரும்பாலானது. இதில் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. ஸ்கூட்டரில் பெட்ரோல் எரிவது போல ஃபிரிட்ஜில் காஸ் செலவாவதில்லை. கம்ப்ரசர் அதனை அழுத்திச் சூடாக்குகிறது. வெளியே இருக்கும் கண்டன்சரில் அது சூட்டை விட்டுத் திரவமாகிறது. உள்ளே இருக்கும் குழாயில் மீண்டும் ஆவியாகிச் சரக்கின் சூட்டை உறிஞ்சுகிறது. மூடிய வட்டத்தில் அதே காஸ் பல்லாண்டு சுற்றிக்கொண்டே இருக்கும். அது குறைந்தது என்றால் எங்கோ கசிகிறது என்றே பொருள். கசிவை அடைக்காமல் காஸ் போடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதற்குச் சமம்.

இந்தப் பாடத்தை நாங்களே ஒரு தவறு செய்துதான் கற்றோம். சில ஆண்டுகளுக்கு முன், சித்திரை மாத வெயிலில், ஆறுமுகநேரியில் ஒரு மருந்துக்கடைக்காரர் அவசரமாக அழைத்தார். கசிவைத் தேட அரை நாள் ஆகும் என்றோம். "கடையில கூட்டம் இருக்கு, இப்போதைக்குக் காஸ் மட்டும் போடுங்க" என்றார். எங்களுக்கும் அன்று வேறு நான்கு இடங்களில் வேலை இருந்தது. போட்டுவிட்டு வந்துவிட்டோம். மூன்று வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை காலையில் அவரே எங்கள் பட்டறைக்கு வந்தார். ஞாயிறு விடுமுறையில் குளிர் முற்றிலும் இறங்கி, ஃபிரிட்ஜில் இருந்த இன்சுலின் அத்தனையும் வெப்பம் ஏறிக் கிடந்தது. எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

கெட்ட பாலை முகர்ந்தால் தெரியும். வீரியம் குறைந்த இன்சுலினைப் பார்த்து எப்போதும் கண்டுபிடித்துவிட முடியாது. அவர் விற்றிருந்தால் எவருக்கும் தெரிந்திராது. ஆனால் அனைத்தையும் விற்பனையிலிருந்து நீக்கினார். "பணம் போனது போகட்டும் அண்ணாச்சி. நம்பி வாங்கிட்டுப் போற சர்க்கரை நோயாளிக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்று கேட்டார். எங்களிடமும் பதில் இல்லை. பிறகு தேடியபோது, கண்டன்சர் குழாயைத் தாங்கும் கம்பியின் அடியில் உப்பு அரித்த ஊசிமுனைத் துளை இருந்தது. முதல் நாளே அரை நாள் செலவிட்டிருந்தால் அது கிடைத்திருக்கும். அன்று முதல், கசிவு தேடாமல் காஸ் போடுவதில்லை என்பதை எங்கள் பட்டறையின் சட்டமாக வைத்திருக்கிறோம்.

உப்பு நண்பனும் ஆவான், பகைவனும் ஆவான்

நம் கடற்கரையில் மீன்பிடித் தொழிலுக்கு ஐஸ் கொடுக்கும் தொழிற்சாலைகளைப் பார்த்திருப்பீர்கள். பெரிய தொட்டியில் உப்புநீர் நிறைந்திருக்கும். அம்மோனியாவைக் கொண்டு அதனைப் பூச்சியத்துக்குக் கீழே குளிர வைப்பார்கள். உப்புக் கலந்திருப்பதால் அந்த நீர் உறையாது. அதில் இறக்கி வைத்த தகர அச்சுகளில் உள்ள நல்ல தண்ணீர் உறைந்து ஐஸ் கட்டியாகும். அங்கே உப்புதான் வேலைக்காரன்.

அதே உப்பு காற்றில் பறந்து வந்து ஏ.சி.யின் வெளிப்பெட்டியில் படிந்தால் பகைவனாகிறது. கண்டன்சரில் செம்புக் குழாயும் அலுமினியத் தகடுகளும் ஒட்டி நிற்கின்றன. இரு வேறு உலோகங்களுக்கு இடையே ஈர உப்பு சேர்ந்தால் ஒருவகை பாட்டரி போல ஆகி, அலுமினியம் அரிக்கப்பட்டு வெண்பொடியாய் உதிரும். தகடு உதிர்ந்தால் சூடு வெளியேறாது, கம்ப்ரசர் கூடுதல் மின்சாரம் இழுக்கும், இறுதியில் கருகும். உப்பளங்களும் கடலும் அருகிருக்கும் ஆறுமுகநேரியில் ஒரு பெட்டி, உள்நாட்டு ஊர்களில் உழைக்கும் காலம் உழைக்காது என்பதற்கு இதுவே காரணம். இதற்குப் பரிகாரம் பெரிய செலவில்லை.

1. வெளிப்பெட்டியைக் கடற்காற்று நேராக மோதாத சுவரில், ஆனால் காற்றோட்டம் உள்ள இடத்தில் வையுங்கள்.
2. தகடுகளுக்கு அரிப்புத் தடுப்புப் பூச்சு உள்ள மாடலைக் கேட்டு வாங்குங்கள்.
3. மாதம் ஒருமுறை மின்சாரத்தை நிறுத்திவிட்டு நல்ல தண்ணீரால் மென்மையாகக் கழுவச் சொல்லுங்கள். உவர்நீரும் ஆசிட்டும் கூடவே கூடாது.
4. தாங்கியும் போல்ட்டும் துருப்பிடிக்காதவையாக இருக்கட்டும். சாதாரண இரும்புத் தாங்கி அரித்து, பெட்டியே கீழே விழும் ஆபத்து உண்டு.

எத்தனை டன் வேண்டும்?

ஒரு டன் என்பது பெட்டியின் எடை அன்று. ஒரு டன் ஐஸ், அதாவது சுமார் 907 கிலோ, 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு சூட்டை உறிஞ்சுமோ அவ்வளவு சூட்டை அகற்றும் திறனே ஒரு டன். இது மணிக்கு 12,000 பி.டி.யு. அல்லது சுமார் 3.5 கிலோவாட். அறையின் நீள அகலத்தை மட்டும் பார்த்து டன் சொல்லுகிறவரை நம்ப வேண்டாம். உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரின் உடலே ஏறத்தாழ 100 வாட் சூட்டை விடுகிறது. ஜவுளிக்கடையில் 20 பேர் இருந்தால் 2 கிலோவாட். அதற்கே அரை டன்னுக்கு மேல் போய்விடும். மேலே மொட்டை மாடியா, கண்ணாடி மேற்கே பார்க்கிறதா, கதவு எத்தனை முறை திறக்கிறது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

வெப்பநிலையை 24 டிகிரியில் வைப்பது நல்லது. ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 விழுக்காடு மின்சாரம் மிச்சம் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பின் கணக்கு. 2020 ஜனவரி முதல், நட்சத்திரக் குறியுள்ள அறை ஏ.சி.க்களைத் தயாரிக்கும்போதே 24 டிகிரியில் அமைத்து அனுப்ப வேண்டும் என்பது விதி. "கடுகு போகிற இடம் பார்ப்பார், பூசணிக்காய் போகிற இடம் பாரார்" என்பார்கள். மெக்கானிக் கூலியில் நூறு ரூபாய்க்குப் பேரம் பேசும் நாம், மின்கட்டணத்தில் போகும் பூசணிக்காயைப் பார்ப்பதில்லை.

சரக்கு வைக்கும் பெட்டிக்கு வேறு கணக்கு. திறக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி; உறைந்துவிட்டால் அதுவும் வீண். ஐஸ்கிரீமுக்குப் பூச்சியத்துக்குக் கீழே 18 டிகிரி. கையால் தொட்டுப் பார்த்து முடிவு செய்யாமல், ஒரு தெர்மாமீட்டரை உள்ளே வைத்துக் காலையும் மாலையும் நோட்டில் குறியுங்கள். அந்த மருந்துக்கடைக்காரர் இன்றும் குறிக்கிறார்.

காஸ் மாறிய கதை

முன்பு ஃபிரிட்ஜ்களில் இருந்தது ஆர்-12. அது வானத்து ஓசோன் படலத்தைச் சிதைப்பதால் 1987-இல் மாண்ட்ரியல் ஒப்பந்தம் உருவானது. இந்தியா 1992-இல் சேர்ந்தது. ஆர்-12 போய்விட்டது. பழைய ஏ.சி.க்களில் உள்ள ஆர்-22-உம் படிப்படியாக விடைபெற்று வருகிறது. இன்று ஏ.சி.க்களில் ஆர்-32, ஆர்-410ஏ. ஃபிரிட்ஜ், கூலர்களில் ஆர்-134ஏ, ஆர்-600ஏ, ஆர்-290 எனப் பல வகைகள். இவற்றுள் கடைசி இரண்டும் சமையல் காஸ் இனத்தவை, எளிதில் தீப்பற்றும். ஆர்-32-உம் ஓரளவு தீப்பற்றக் கூடியதே. ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை ஊற்றுவது ஆபத்து. கசிவு சோதனைக்கு நைட்ரஜன்தான் பயன்படுத்த வேண்டும். ஆக்சிஜனை ஏற்றினால் கம்ப்ரசர் ஆயிலோடு சேர்ந்து வெடிக்கும்.

ஆகவே மெக்கானிக்கிடம் தயங்காமல் கேளுங்கள்: கசிவு எங்கே இருந்தது? குழாயில் உள்ள காற்றையும் ஈரத்தையும் எடுக்க வாக்யூம் பம்ப் ஓட்டினீர்களா? எந்தக் காஸை எத்தனை கிராம் எடை போட்டு ஏற்றினீர்கள்? இவற்றைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். தராசு பிடித்துத் தொழில் செய்யும் நாம் எடை கேட்பதில் வெட்கமில்லை.

எங்கள் பக்கத்து நியாயம்

குளிர்நாடுகளில் எங்கள் தொழில் செய்வோர் கோடையில் குளிர்ச்சிக்கும், பனிக்காலத்தில் வீட்டைச் சூடாக்கவும் ஆண்டு முழுவதும் வேலை பெறுகின்றனர். நமக்குப் பங்குனி முதல் ஆவணி வரைதான் வேலை. ஐப்பசி மழை தொடங்கினால் பட்டறையில் கை கட்டி உட்கார வேண்டும். ஐ.டி.ஐ.யில் இரண்டு ஆண்டு படித்து வரும் பையன்கள், இந்த வெறும் மாதங்களைத் தாங்க முடியாமல் வளைகுடா நாடுகளுக்குப் போய்விடுகிறார்கள். சித்திரையில் உங்கள் கடைக்கு வர ஆளில்லாமல் போவது அதனால்தான். வேலை முடிந்து பல மாதம் பாக்கி நிற்கும் பில்களும் ஒரு காரணம். கடன் நோட்டின் பாரம் உங்களுக்கு நாங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இதற்கு ஒரு வழி உண்டு. கார்த்திகை, மார்கழி, தை மாதங்களிலேயே பராமரிப்பு வேலையை முடித்துக்கொள்ளுங்கள். அவசரம் இல்லாததால் கசிவைப் பொறுமையாகத் தேடலாம்; கூலியும் பேசி முடிக்கலாம். ஒரு தெருவில் பத்துக் கடைக்காரர்கள் சேர்ந்து ஆண்டு ஒப்பந்தம் செய்தால், ஒரு பையனுக்கு மழைக்காலச் சோறு உறுதி. கோடையில் அவன் ஊரிலேயே இருப்பான்.

குளிர்சாதனம் வாங்கும் அன்று செய்யும் செலவைவிட, அதைப் பொருத்துவதிலும் பேணுவதிலும் காட்டும் கவனமே அதன் ஆயுளைத் தீர்மானிக்கிறது. அடுத்த முறை குளிர் குறைந்தால், "காஸ் போடுங்க" என்று சொல்லாதீர்கள். "எங்கே கசியுதுன்னு பாருங்க அண்ணாச்சி" என்று சொல்லுங்கள். அந்த அரை நாள் கூலி வீண் போகாது.