ஊக்குநரின் குணம் அறிந்து குழுவை வளர்ப்பது எப்படி?

சங்கராபுரம் பக்கம் ஒரு மகளிர் சுய உதவிக் குழு ஏன் தேங்கிப்போனது என்று விசாரித்தால், கடைசியில் வரும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "அந்த அக்கா குணம் அப்படி." தவறாத கூட்டம், தவறாத சேமிப்பு, உள்கடன், தவணை தவறாமை, சரியான கணக்கு என்று பஞ்சசூத்திரத்தை எல்லாக் குழுக்களுக்கும் சொல்லிக்கொடுக்கிறோம். குணத்தை என்ன செய்வது என்று சொல்லிக்கொடுப்பதில்லை. ஊராட்சி அளவிலான கூட்டமைப்பில் பயிற்றுநராக இருப்பவர், சமுதாய வளப் பயிற்றுநர், தான் முன்நின்று நடத்தும் குழுவைத் தானே சீர்செய்ய விரும்பும் ஊக்குநர் ஆகியோருக்காக இந்த வழிமுறையை எழுதுகிறேன்.

இந்த வேலைக்கு இப்போது அவசரமும் இருக்கிறது. தமிழ்நாட்டில் சுய உதவிக் குழுக்கள் 1989-இல், சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தருமபுரி மாவட்டத்தில் தொடங்கின. 1991-92-இல் சேலத்துக்கும் தென்னார்க்காட்டுக்கும் விரிந்தன. சங்கராபுரம் அன்று தென்னார்க்காட்டில் இருந்தது. பிறகு விழுப்புரம் மாவட்டம் வந்தது. 2019 நவம்பரில் சங்கராபுரத்தையும் சேர்த்துக் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. இதற்குள் முதல் தலைமுறை ஊக்குநர்களுக்கு வயதாகிவிட்டது. மாமியார் நடத்திய குழுவில் மருமகள் உட்காரும் காலம் இது. பொறுப்பு கைமாறும் இடத்தில்தான் குணமும் குணமும் உரசும்.

குணப்பெயர்களை ஒதுக்கி வையுங்கள்

நகரத்து நிறுவனங்களில் தலைமைப் பயிற்சி என்றாலே ஒரு வினாத்தாள் வரும். நிரப்பிக் கொடுத்தால், நீங்கள் இந்த வகை என்று ஒரு பெயர் கிடைக்கும். இவற்றில் மிகப் பிரபலமான மையர்ஸ்–பிரிக்ஸ் வினாத்தாள், கார்ல் யுங் 1921-இல் எழுதிய உளவியல் வகைகள் பற்றிய நூலிலிருந்து கிளைத்தது. மனிதர்களை இப்படிப் பெட்டி பெட்டியாகப் பிரிப்பதை ஆய்வாளர்கள் பலர் ஏற்பதில்லை. ஆனால் நிரப்பியவர்களுக்கு முடிவு மிகப் பொருத்தமாகத் தோன்றும். ஏன் தோன்றுகிறது என்பதற்கு பெர்ட்ரம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1949-இல் ஒரு விடை தந்தார். தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு சோதனை வைத்தார். பிறகு, சோசியப் புத்தகத்திலிருந்து பொறுக்கிய ஒரே வாசகத்தை, தனித்தனி முடிவு என்று சொல்லி எல்லோருக்கும் கொடுத்தார். அது எவ்வளவு பொருந்துகிறது என்று மாணவர்கள் போட்ட மதிப்பெண்ணின் சராசரி ஐந்துக்கு 4.26.

ஆய்வாளர்கள் அதிகம் நம்புவது ஐந்து பண்புகளின் அளவுகோலை: புதியதை நாடும் மனம், பொறுப்புணர்வு, கலகலப்பு, இணங்கிப்போகும் இயல்பு, மனக்கலக்கம். இதையும் எல்லா ஊருக்கும் அப்படியே தூக்கிப்போக முடியாது. பொலிவியாவில் வேட்டையும் விவசாயமும் செய்து வாழும் சிமானே மக்கள் 632 பேரிடம் நடந்து 2013-இல் வெளியான ஆய்வில் இந்த ஐந்தும் தெளிவாகப் பிரிந்து வரவில்லை. நம் பக்கத்துக் கல்வராயன் மலையில் ஒரு மலையாளிப் பழங்குடிப் பெண்ணின் முன் மொழிபெயர்த்த வினாத்தாளை நீட்டும் முன் இதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

நமக்கு உதவக்கூடியது வேறொரு வழி. உளவியலாளர்கள் வால்டர் மிஷெலும் யுயிச்சி ஷோடாவும் கோடை முகாமில் இருந்த சிறுவர்களை நாட்கணக்கில் கவனித்தார்கள். எல்லா நேரமும் முரடாக நடக்கும் பிள்ளை என்று யாரையும் சொல்ல முடியவில்லை. கூட்டாளி சீண்டினால் ஒருவன் பாய்வான். பெரியவர் கண்டித்தால் அடங்கிப்போவான். இன்னொருவன் நேர்மாறு. அந்தந்தப் பிள்ளையின் இந்த 'இப்படி நடந்தால் இப்படிச் செய்வான்' என்ற வழக்கம் மட்டும் மாறாமல் திரும்பத் திரும்ப வந்தது. நீங்கள் குழுவில் தேட வேண்டியதும் இந்த வழக்கத்தைத்தான்.

மூன்று நான்கு கூட்டங்கள் சும்மா உட்காருங்கள்

பேச வேண்டாம், திருத்த வேண்டாம். கரும்பு வெட்டு, மரவள்ளி பிடுங்குதல் நடக்கும் காலத்தில் கூட்டம் இருட்டிய பிறகுதான் கூடும். அந்த நேரத்துக்கே போங்கள். அவர்கள் பாயில் உட்கார்ந்தால் நீங்களும் பாயில்.

குறிப்பேட்டில் ஒவ்வொரு வரியும் இரண்டு பகுதியாக இருக்கட்டும்: என்ன நடந்தது, அவர் என்ன செய்தார். 'ஊக்குநர் அதிகாரம் செய்கிறார்' என்று எழுதாதீர்கள். 'பிரதிநிதி நோட்டை எடுத்ததும் ஊக்குநர் வாங்கித் தானே எழுதினார்' என்று எழுதுங்கள் (பிரதிநிதி, குழுவில் ஊக்குநருக்கு அடுத்த பொறுப்பில் இருப்பவர்). 'கூச்ச சுபாவம்' என்று எழுதாமல், 'கடன் கேட்கும் முறை வந்தபோது எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார்' என்று எழுதுங்கள். ஒரே சூழலில் ஒரே செயல் மூன்று முறையாவது வந்தால்தான் அதை வழக்கம் என்று கொள்ளலாம். ஒரு முறை நடந்தது அன்றைய தலைவலியாகவும் இருக்கலாம்.

குறிப்பாகப் பாருங்கள்: பணம் எண்ணும்போது யார் கை முன்னே நீள்கிறது, ஒருவர் தவணை தவறினால் முதல் வார்த்தை யாருடையது, இரண்டு பேர் ஒரே மாதம் கடன் கேட்டால் எல்லோரும் யார் முகத்தைப் பார்க்கிறார்கள். குழுவின் உண்மையான தலைவி அந்த மூன்றாவது கேள்வியில் தெரிந்துவிடுவார். பல குழுக்களில் அவர் ஊக்குநரும் அல்ல, பிரதிநிதியும் அல்ல.

குணம் எது, நிலைமை எது?

இந்த இடத்தில் அவசரப்படவே கூடாது. மாமியாரும் மருமகளும் ஒரே குழுவில் இருந்தால் மருமகளின் மௌனம் அவள் இயல்பு ஆகாது. அதே பெண்ணை அவள் தாய்வீட்டில் பார்த்தால் தெரியும். கையெழுத்து மட்டும் போடத் தெரிந்தவர் கணக்கு பேசும்போது தலை குனிவதும் அப்படியே. ஒரே சாதிக்காரர்கள் பெரும்பான்மையாக இருக்கும் குழுவில் மற்றவர் ஓரமாக உட்காருவதைத் 'தன்னம்பிக்கைக் குறைவு' என்று எழுதினால் ஒரு அநியாயத்துக்கு உளவியல் பெயர் சூட்டியவர்களாவோம். கல்வராயன் மலையில் இன்னொன்று: வெள்ளிமலையைச் சுற்றியுள்ள பல ஊர்களில் வங்கி வேலை என்றால் ஒரு நாள் கூலி போய்விடும். பிரதிநிதி வர மறுப்பதைப் பொறுப்பின்மை என்று சொல்லும் முன் அந்தக் கூலியைக் கணக்கில் எடுங்கள்.

நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று ஒடுங்கினால் இந்த வழிமுறையை அங்கேயே நிறுத்திவிடுங்கள். வீட்டில் அடிதடியாக இருக்கலாம், நுண்கடன் நிறுவனத்தின் வாரத் தவணை கழுத்தை நெரிக்கலாம், மனநோயின் தொடக்கமாகவும் இருக்கலாம். பெண்கள் உதவி எண் 181, மனநல ஆலோசனைக்கு 14416. இந்த இரண்டு எண்களும் பயிற்றுநரின் குறிப்பேட்டில் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும்.

ஊக்குநரிடம் தனியாகப் பேசுங்கள்

அவர் வீட்டுத் திண்ணையோ வயல் வரப்போ, மூன்றாம் ஆள் காதில் விழாத இடம் வேண்டும். 'ஏன் அப்படிச் செய்தீர்கள்' என்று தொடங்கினால் அவர் நியாயம் சொல்லத் தொடங்குவார். பார்த்ததைச் சொல்லி, மனதில் என்ன ஓடியது என்று கேளுங்கள். பேச்சு இப்படிப் போகலாம்:

"அக்கா, போன மூணு கூட்டமும் பிரதிநிதி நோட்ட எடுத்தாங்க. நீங்க வாங்கி நீங்களே எழுதுனீங்க. அப்ப மனசுல என்ன ஓடுச்சு?"

"அவ தப்பா எழுதிட்டா பேங்க்ல நாந்தானம்மா பதில் சொல்லணும்? அன்னிக்கி யாரு வருவா?"

இவருக்கு அதிகார ஆசை இல்லை. பழி தன் தலையில் விழும் என்ற பயம் இருக்கிறது. ஒவ்வொரு வழக்கமும் எதையோ காத்துக்கொண்டிருக்கிறது. அது எதைக் காக்கிறது என்று தெரியாமல் மாற்றச் சொன்னால், தன் கவசத்தைக் கழற்றச் சொல்கிறார்கள் என்றே அவருக்குப் படும். தெரிந்துவிட்டாலோ, அவரே வழி சொல்வார். அடுத்த கேள்வி இது மட்டும் போதும்: "தப்பு வராதுன்னு உங்களுக்குத் தெரியணும்னா என்ன இருக்கணும்க்கா?"

ஒரே ஒரு மாற்றம்

எல்லாவற்றையும் தானே செய்யும் ஊக்குநரைத்தான் நான் அதிகம் கவலையோடு பார்க்கிறேன். அவரை எல்லோரும் பாராட்டுகிறார்கள். மகளின் பிரசவத்துக்கு அவர் ஒரு மாதம் வெளியூர் போனால் குழு படுத்துவிடுகிறது. அவரிடம் 'எல்லாவற்றையும் பகிருங்கள்' என்று சொல்வதில் பயனில்லை. சேமிப்பு வரவு எழுதும் வேலையை மட்டும் பிரதிநிதிக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். பிரதிநிதி எழுதுவார், ஊக்குநர் பக்கத்தில் உட்கார்ந்து கூட்டிப் பார்த்துக் கையெழுத்திடுவார், பேனாவைத் தொடமாட்டார். அவர் பயந்த தவறு, வங்கிக்குப் போகும் முன்பே பிடிபட்டுவிடும். இரண்டு கூட்டம் இது நடந்த பிறகு அடுத்த வேலை. வங்கிக்குப் போகும்போதும் இப்படியே: முதல் முறை இருவரும் போகட்டும், மேலாளரிடம் பிரதிநிதி பேசட்டும்.

யாருக்கும் இல்லை என்று சொல்ல முடியாதவர் இன்னொரு வகையான சிக்கல். உறவுக்காரருக்குக் கடன் போகும், மற்றவர்கள் முணுமுணுப்பார்கள், அவருக்குத் தூக்கம் கெடும். கறாராக இருங்கள் என்று அறிவுரை சொன்னால் அவரால் முடியாது. விண்ணப்பங்கள் வருவதற்கு முன்பே, யாருக்கு முன்னுரிமை என்ற வரிசையைக் குழு பேசித் தீர்மான நோட்டில் எழுதிவிடட்டும்: மருத்துவம் முதலில், பள்ளிக் கட்டணம் அடுத்து, ஆடு மாடு வாங்குவது பிறகு என்பதைப் போல. பிறகு 'முடியாது' என்று சொல்வது நோட்டின் வேலை.

வாய் கூர்மையான உறுப்பினரை அடக்கப் பார்க்காதீர்கள். கூட்டத்துக்கு முந்தின நாள் கணக்கைச் சரிபார்க்கும் பொறுப்பைக் கொடுங்கள். குறை கண்டுபிடிக்கும் கண்ணுக்கு அங்கே மதிப்பு உண்டு.

பேசாதவர்களுக்குக் குரல் வேண்டுமென்றால் பேச்சையே சற்றுக் குறைக்க வேண்டும். முடிவெடுக்கும்போது ஆளுக்கொரு புளியங்கொட்டை கொடுத்து, மூடிய சொம்புகளில் போடச் சொல்லலாம். கருத்துக் கேட்கும்போது கடைசியாகச் சேர்ந்தவரிடமிருந்து தொடங்குங்கள். மூத்தவர் முதலில் பேசிவிட்டால் மற்றவர்கள் 'அக்கா சொன்னதுதான்' என்று முடித்துவிடுவார்கள்.

குழுவின் முன் எதைச் சொல்லலாம்?

தனியாகக் கேட்டதை, அவர் சம்மதம் இல்லாமல் குழுவில் சொல்லக் கூடாது. ஊக்குநரே தன் வாயால், "தப்பு வந்துருமோன்னு பயம், அதான் யார்கிட்டயும் நோட்ட குடுக்கல" என்று சொன்னால் அந்தக் கூட்டத்தின் சூடு தணியும். அவர் சொல்ல விரும்பவில்லையென்றால், மாற்றத்தை மட்டும் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். காரணம் அவரோடு இருக்கட்டும்.

உங்கள் குறிப்பேடு கூட்டமைப்பு அலுவலகக் கோப்புக்குப் போகக் கூடாது. யாருக்குக் கடன், யார் அடுத்த ஊக்குநர் என்ற முடிவுகளுக்கு இந்தக் குறிப்புகளைப் பயன்படுத்தவே கூடாது. 'குணம் சரியில்லை' என்ற ஒரு வரி கோப்பில் ஏறினால் அந்தப் பெண் குழு மாறினாலும் அது பின்னாலேயே வரும். இதில் எனக்கு எந்தச் சமரசமும் இல்லை.

மூன்று மாதம் கழித்து

'மாறிவிட்டார்களா' என்று கேட்காதீர்கள், எண்ணக்கூடியதை எண்ணுங்கள். வரவு நோட்டில் எத்தனை பேர் கையெழுத்து ஓடுகிறது? வங்கிக்குப் போனவர்கள் யார் யார்? உள்கடன் எத்தனை குடும்பங்களுக்குப் போயிருக்கிறது? ஊக்குநர் வராத கூட்டம் நடந்ததா? கடைசிக் கேள்விக்கு ஆம் என்று பதில் வந்தால் பயிற்சி வேலை செய்திருக்கிறது.

ஒன்றும் மாறவில்லையென்றால் பெரும்பாலும் நீங்கள் நிலைமையைக் குணம் என்று எடுத்திருப்பீர்கள். குறிப்பேட்டைப் புரட்டி, அந்த வழக்கம் எந்தச் சூழலில் வரவில்லை என்று தேடுங்கள். வங்கியில் வாயே திறக்காதவர் நூறு நாள் வேலைத் தளத்தில் மேற்பார்வையாளரிடம் கூலிக்காக வாதாடுகிறார் என்றால், அங்கே எது அவருக்குத் துணையாக இருக்கிறது என்று கேளுங்கள். பக்கத்தில் நாலு பேர் நிற்பதுதான் காரணமென்றால் வங்கிக்கும் நாலு பேராக அனுப்புங்கள்.

பொறுப்பு சுழற்சி முறையில் மாறும்போது, பழைய ஊக்குநரும் புதியவரும் தனியாக ஒருமுறை உட்காரட்டும். எந்த நேரத்தில் தனக்குக் கோபம் வந்தது, எந்த இடத்தில் தயங்கினார், யாருடைய உதவி கை கொடுத்தது என்று பழையவர் சொல்லட்டும். பிறகு புதியவரோடு நீங்கள் முதல் கூட்டத்திலிருந்து கவனிக்கத் தொடங்குங்கள், புது நோட்டில்.