மற்றக் காதையும் மறவாதீர்

நான் மருத்துவன் அல்லன். டிப்ளமா படித்து, தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் காலம் தள்ளி ஓய்வு பெற்ற இரயில்வே பொறியாளன். இப்போது குடியிருப்பது கல்லாற்றில். திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்குப் போகிறவர்கள் 22 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுவதற்கு முன் கடக்கும் ஊர் இது. அந்த வளைவுகளில் பலருக்கும் தலை சுற்றும். எனக்கோ வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போதே சுற்றும். அந்த நோயைப் பற்றியதே இந்தப் பாடம்.

ஒரு சொல்லால் போன ஓராண்டு

2013ஆம் ஆண்டில் ஒருநாள் டிராலியில் ஆய்வுக்குச் சென்றுகொண்டிருந்தேன். இடக்காது அடைத்தாற்போல் இருந்தது; உள்ளே ஓர் இரைச்சல். சற்று நேரத்தில் தண்டவாளம், மரங்கள், வானம் எல்லாம் சுழலத் தொடங்கின. டிராலி ஆட்கள் என்னைத் தாங்கி இறக்கி நிழலில் படுக்க வைத்தார்கள். மூன்று மணி நேரம் வாந்தியும் சுழற்சியும் ஓயவில்லை.

மறுநாள் ஒரு மருத்துவரிடம் சென்று, "மயக்கம் வருகிறது" என்றேன். அவர் மலையாளி. மலையாளத்தில் மயக்கம் என்றால் உறக்கக் கிறக்கம் என்பது எனக்குத் தெரியாது. இரவில் தூங்குகிறேனா என்று கேட்டார்; சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்த்தார்; எல்லாம் சரியாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டார். காது அடைப்பை நானும் சொல்லவில்லை. அவர்மேல் பழியில்லை, பழி அந்தச் சொல்லின்மேல்தான். இப்படி ஓராண்டு போயிற்று. நாம் சொல்ல வேண்டிய மலையாளச் சொல் "தலகறக்கம்". காது இரைச்சலுக்கு "செவியில் மூளல்". இவ்விரண்டையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நோயின் பெயரும் இயல்பும்

2014இல் காது மருத்துவர் ஒருவர் கேட்டல் சோதனை செய்து, இது மெனியர் நோய் என்றார். பாரிஸ் நகரில் காது கேளாதோர் நிறுவனத்தின் மருத்துவராக இருந்த புரோஸ்பர் மெனியர் என்பவர், 1861இல் இத்தகைய தலைசுற்றல் உட்காதிலிருந்து வரக்கூடும் என்று எடுத்துரைத்தார். அதுவரை இது மூளைக் கோளாறு என்றே கருதப்பட்டது. மறு ஆண்டே அவர் காலமானார்.

கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். தண்டவாள மட்டம் பார்க்க நாங்களும் அதைப் பயன்படுத்துவோம். ஒவ்வொரு காதினுள்ளும் மூன்று அரைவட்டக் குழல்கள், மூன்று திசைகளில் வைத்த ரசமட்டங்களைப் போல அமைந்துள்ளன. தலை திரும்பினால் உள்ளிருக்கும் நீர் நகரும். அந்தச் செய்தி நரம்பு வழியே மூளைக்குப் போகும். இந்த நீர் நத்தைக்கூட்டு வடிவிலுள்ள கேட்கும் உறுப்போடும் தொடர்புடையது. மெனியர் நோயில் இந்த நீர் மிகுந்து உறை விம்முகிறது. 1938இல் இலண்டனிலும் ஜப்பானிலும் தனித்தனியே நடந்த ஆய்வுகளில் இது கண்டறியப்பட்டது. ஏன் மிகுகிறது என்பதற்கு இன்றும் முடிந்த முடிவான விடை இல்லை.

அடையாளம் நான்கு: 20 நிமிடம் முதல் 12 மணி நேரம் வரை நீடிக்கும் சுழற்சி, கூடிக் குறையும் செவிட்டுத்தன்மை (முதலில் கனத்த, தாழ்ந்த ஒலிகள் மங்கும்), இரைச்சல், காது அடைப்பு. படுக்கையில் புரளும்போது சில விநாடிகள் மட்டும் சுற்றினால் அது பெரும்பாலும் வேறு நோய். காதினுள் இடம் பெயர்ந்த நுண்கற்களால் வருவது. தலையை முறையாகத் திருப்பிச் செய்யும் பயிற்சியால் தீரக்கூடியது.

ஒரு காதா, இரு காதா?

பெரும்பாலும் இந்நோய் ஒரு காதில்தான் தொடங்கும். ஆனால் ஒரு பகுதியினருக்குப் பின்னர் மற்றக் காதிலும் வருகிறது. எத்தனை பேருக்கு என்பது ஆய்வுக்கு ஆய்வு மாறுபடுகிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல வாய்ப்பு கூடுகிறது என்பதில் கருத்து ஒற்றுமை உண்டு.

இரட்டைப் பாதையில் ஒரு பாதை அடைபட்டால், மற்றப் பாதையிலேயே இரு திசை வண்டிகளையும் விடுவோம். அப்போது அந்த ஒற்றைப் பாதையை எவ்வளவு கவனமாகக் காப்போம்! நல்ல காதும் அப்படித்தான்.

2017இல் எனக்கு வாரம் ஒருமுறை தாக்கம் வந்தது. பொறுக்க முடியாமல், "எப்படியாவது இதை நிறுத்திவிடுங்கள், டாக்டர்" என்றேன். ஜென்டாமைசின் என்ற மருந்தைச் செவிப்பறை வழியே செலுத்தினால் சுழற்சி அடங்கக்கூடும். ஆனால் அது அந்தக் காதின் சமநிலை உறுப்பையே செயலிழக்கச் செய்வது, கேட்கும் திறனும் குறையலாம் என்று விளக்கினார். பிறகு, "நாளை வலக்காதிலும் வந்தால் எதை நம்பி நடப்பீர்கள்?" என்று கேட்டார். வேறு வழிகளை முதலில் பார்க்க முடிவு செய்தோம். உறுப்பை அழிக்காத ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டேன். தாக்கங்கள் மெல்லக் குறைந்தன.

2021 மழைக்காலத்தில் ஒரு காலை, "ஆற்றில் வெள்ளம் வந்துவிட்டது போலிருக்கிறதே" என்று என் மனைவியிடம் சொன்னேன். அவர் வெளியே போய்ப் பார்த்து வந்து, "என்னங்க, தண்ணி நேத்து மாதிரிதானே ஓடுது" என்றார். இரைச்சல் என் வலக்காதில். அன்று நான் அழுதேன் என்று சொல்ல வெட்கப்படவில்லை. ஆனால் 2017இல் அவசரப்படாமல் இருந்ததன் அருமை அன்றுதான் விளங்கிற்று. அந்த ஊசி கூடாதென்று நான் சொல்லவில்லை. பலருக்கு அது தேவைப்படுகிறது. திரும்பப் பெற முடியாத எந்தச் சிகிச்சைக்கும் முன், "மற்றக் காது எப்படி இருக்கிறது?" என்று கேளுங்கள். நான் சொல்ல வந்தது இதுவே.

நாள்தோறும் கைக்கொள்வன

1. பதிவேடு: தேதி, எந்தக் காது, எவ்வளவு நேரம், முன்னர் உண்டது, உறங்கியது ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். கேட்டல் சோதனைத் தாள்களை, இரு காதுக்குமானவற்றை, ஆண்டு வாரியாகச் சேர்த்து வையுங்கள்.

2. உப்பு: பொதுவாகச் சொல்லப்படும் வரம்பு நாளொன்றுக்கு 1,500 முதல் 2,000 மில்லிகிராம் சோடியம். ஒரு தேக்கரண்டி, அதாவது 5 கிராம் உப்பிலேயே ஏறக்குறைய 2,000 மில்லிகிராம் இருக்கிறது. ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், கருவாடு நான்கும் என் இலையிலிருந்து விடைபெற்றன. உப்புக் குறைப்பின் பயனுக்கு உறுதியான சான்று இன்னும் போதவில்லை; எனக்கு உதவியது.

3. மாத்திரை: பீட்டாஹிஸ்டின் பரவலாகத் தரப்படுகிறது. 2016இல் வெளியான ஜெர்மானிய ஆய்வில், அதை உண்டவர்களுக்கும் வெற்று மாத்திரை உண்டவர்களுக்கும் தாக்கங்கள் ஒரே அளவிலேயே குறைந்தன. ஆகவே எதிர்பார்ப்பை அளவோடு வையுங்கள்; ஆனால் மருத்துவரைக் கேளாமல் நிறுத்தாதீர்கள்.

4. தாக்கம் வரும்போது: உடனே உட்காருங்கள் அல்லது படுங்கள், அசையாத ஒரு பொருளைப் பாருங்கள். ஏணி, வண்டி ஓட்டுதல், தனியே ஆற்றில் குளித்தல் இம்மூன்றையும் நான் விட்டுவிட்டேன்.

5. இருட்டு: இரு காதும் தளர்ந்தபின் கண்ணும் காலும்தான் துணை. இருட்டிலும் மேடுபள்ளத்திலும் தள்ளாடும். குளியலறையில் கைப்பிடியும் இரவு விளக்கும் வைத்தோம். கல்லாற்றின் உருண்டைக் கற்களில் இப்போது கால் வைப்பதில்லை. கரையில் கைத்தடியோடு நடக்கிறேன். சமநிலைப் பயிற்சிகளை இயன்முறை மருத்துவரிடம் கற்கலாம்.

6. கேட்டல்: சொற்களைச் சொல்லச் சொல்லி நடத்தும் சோதனையைத் தாய்மொழியில் செய்யுமாறு கேளுங்கள். மலையாளச் சொல் புரியாததைக் காது கேளாமையாகக் கணக்கிட்டுவிடக் கூடாது. திருவனந்தபுரம் ஆக்குளத்தில் 1997இல் தொடங்கப்பட்ட தேசியப் பேச்சு, செவிப்புலன் நிறுவனம் இத்துறைக்கென்றே உள்ளது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, பேச்சு ஒலிகளில் இரு காதிலும் 60 டெசிபல் முதல் இழப்பு இருந்தால் அது செவித்திறன் குறைபாடாகக் கொள்ளப்படும்.

ஓர் எச்சரிக்கை. தலைசுற்றலோடு கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை வந்தால் அது பக்கவாதமாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். ஒரு காது திடீரென்று கேளாமற்போனாலும் அன்றே செல்லுங்கள்.

அமெரிக்க விண்வெளி வீரர் ஆலன் ஷெப்பர்டுக்கும் இதே நோய் வந்தது. 1963இல் பறக்கத் தடை; 1968இல் காதில் அறுவை; 1971இல் அப்போலோ 14இல் சென்று நிலவில் நடந்தார். எல்லாருக்கும் அவ்வாறு அமையாது. எனக்கு நிலவு வேண்டாம். மாலையில் பேத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, என் முகத்துக்கு நேரே நின்று, "தாத்தா, ஆறு வரைக்கும் போலாமா?" என்று நிறுத்தி நிதானமாகக் கேட்கிறாள். அது இன்னும் எனக்குக் கேட்கிறது.

நம் குடும்பங்களில் யாருக்கேனும் இத்தகைய சுழற்சி இருந்தால் அவர்களிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.