திறந்த காரும் உப்புக் காற்றும்: சில நம்பிக்கைகள், சில உண்மைகள்

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் மாலைத் தடுப்புகளைப் போட்டு வாகனங்களை நிறுத்துவதற்குச் சற்று முன்னால், கூரையைப் பின்னுக்கு மடித்துவிட்டு, இரண்டே பேர் அமரத் தகுந்த பழைய ஆங்கிலக் கார் ஒன்று துய்மா வீதி வழியே மெல்ல உறுமிக்கொண்டு போகுமானால், பார்த்து நிற்பவர்களிடையே ஆசையோடு கூடவே ஓர் அபிப்பிராயமும் பிறப்பதை நான் பல தடவை கவனித்திருக்கிறேன். "பார்க்க அழகுதான், ஆனால் யாரால் இதைக் கட்டி மேய்க்க முடியும்? ஒரு திருகாணி வேண்டுமென்றாலும் லண்டனுக்கல்லவா எழுத வேண்டும்!" என்பார்கள். இப்படிச் சொல்கிறவர்கள் அந்த வண்டியை வெறுப்பவர்கள் அல்லர். வாங்க விரும்பியும் இந்தப் பயத்தால் பின்வாங்கியவர்களே அவர்களில் அதிகம். ஆகவே அந்தப் பயத்துக்கு ஆதாரம் உண்டா என்று பார்ப்பது அவசியமாகிறது.

லண்டன் விஷயத்தையே முதலில் எடுத்துக்கொள்வோம். இத்தாலிய வடிவமைப்பாளர் மிக்கலோட்டி உருவம் வரைந்து, 1959-இல் இங்கிலாந்தில் வெளிவந்த டிரயம்ப் ஹெரால்டு என்னும் சிறு கார், 1961 முதல் சென்னைக்குத் தெற்கே பெருங்களத்தூர், வண்டலூர்ப் பக்கத்தில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்ற பெயரில் தயாராகி, நம் டாக்டர்களும் வக்கீல்களும் கல்லூரி ஆசிரியர்களும் ஓட்டிய வீட்டுக் காராக விளங்கியதை முதியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கி, அதன்மேல் தாழ்ந்த உடலை ஏற்றித்தான் 1962-இல் டிரயம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைப் படைத்தார்கள். முன்சக்கர அமைப்பும், மூக்கோடு சேர்ந்து முன்னே கவிழ்ந்து திறக்கும் பானெட்டும் இரண்டுக்கும் ஒரே வம்சம். எம்.ஜி.ஏ. என்ற ஆங்கில ஸ்போர்ட்ஸ் காரின் கதையும் அத்தகையதே. 1955-இல் வந்த அந்தக் காரின் 1489 சி.சி. என்ஜினும், நம் அம்பாசடர் கார் பல்லாண்டுகள் சுமந்து திரிந்த 1489 சி.சி. என்ஜினும் பி.எம்.சி. என்ற ஆங்கிலக் கம்பெனியின் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். ஆகையால் நம் ஊர் லேத்காரரும் என்ஜின் ரீபோர் செய்பவரும் இந்த வண்டிகளுக்கு அந்நியர் அல்லர். அவர்கள் கைக்குப் பழகிய இரும்புதான் இது. இதிலிருந்து, அம்பாசடர் சாமான் எல்லாம் எம்.ஜி.ஏ.வுக்கு அப்படியே பொருந்தும் என்று எதிர்ப்பக்கத்துக்குத் தாவிவிடவும் கூடாது. பிஸ்டனின் விட்டம் ஒன்றாயிருந்தாலும் அம்பாசடரின் அமுக்க விகிதம் குறைவு. அதன் பிஸ்டனைப் போட்டால் வண்டி ஓடும், ஆனால் அதன் துடிப்பு போய்விடும்.

இரண்டாவது நம்பிக்கை, இந்த வண்டிகளில் வரும் லூகாஸ் கம்பெனி மின்சாதனங்களைப் பற்றியது. மேல்நாட்டு ரசிகர்களே அந்தக் கம்பெனிக்கு 'இருட்டின் இளவரசன்' என்று பட்டம் சூட்டிவிட்டதால், விளக்கு மங்கினால் உடனே டைனமோவைக் குறை சொல்வதும், ஒயரிங் முழுவதையும் பிடுங்கிப் போடுவதும் வழக்கமாகிவிட்டன. 1961-இல் சென்னை பாடியில் தொடங்கப்பெற்ற லூகாஸ் டி.வி.எஸ். தொழிற்சாலையின் டைனமோவும் ஸ்டார்ட்டரும் இந்நாட்டு வண்டிகளை எத்தனை ஆண்டுகள் ஓட்டின என்பதை நினைத்தால், அந்தப் பெயரின்மீது இவ்வளவு பழி தகாது என்பது விளங்கும். நண்பர் ஒருவரின் எம்.ஜி.பி. காரில் இரண்டு ஹெட் லைட்டுகளும் அகல் விளக்குப்போல் மஞ்சளாக எரிந்தன. பல்பு மாற்றினார், பேட்டரி மாற்றினார், சுவிட்சையும் மாற்றினார், பிரயோஜனமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் இருவரும் முன்பக்கத் தகட்டுக்குள் கையை நுழைத்துத் தடவியபோது, கறுப்பு ஒயரின் முனையிலுள்ள வளையம் தகட்டோடு சேரும் இடத்தில் பாசிபோல் பச்சை பூத்திருந்தது; அதன் அடியில், மறுபடி வர்ணம் அடித்தவர் விட்டுச்சென்ற பெயிண்ட் வேறு. கறுப்பு என்பது லூகாஸ் நிறமுறையில் எர்த் ஒயர். உப்புத்தாள் கொண்டு அந்த இடத்தைப் பளபளவென்று தேய்த்து, மேலே சிறிது கிரீஸ் தடவி இறுக்கினோம். வேறொன்றும் செய்யவில்லை, எதிர்ச் சுவர் வெள்ளையாயிற்று. மின்சாரம் போகும் வழியைப் பற்றிக் கவலைப்படுகிற நாம் அது திரும்பி வரும் வழியைப் பற்றிச் சிந்திப்பதில்லை. கடலோர ஊரில் முதலில் அடைபடுவதோ அந்தத் திரும்பும் வழிதான். 1967 வரை வந்த எம்.ஜி.பி. போன்ற வண்டிகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனையே எர்த் என்பதையும் ஞாபகத்தில் வைக்க வேண்டும். அது தவறு என்று எண்ணிப் பேட்டரியைத் திருப்பி மாட்டியதால் கருகிய ரேடியோக்கள் உண்டு.

என்ஜின் கொதிப்பதைப் பற்றிய நம்பிக்கைதான் எல்லாவற்றிலும் ஆழமாக வேரூன்றியது. வண்டி சூடாகிறது என்று எந்த ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் விட்டாலும், "தெர்மோஸ்டாட்டைக் கழட்டிப் போட்டுடலாம் சார், நம்ம ஊர் வெயிலுக்கு எதுக்கு அது?" என்ற வார்த்தை தவறாமல் வரும். சொல்பவர் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார். ஆனால் தெர்மோஸ்டாட் என்பது ஏறக்குறைய 82 டிகிரியில் திறக்கிற ஒரு கதவு. என்ஜின் கொதிக்கும் வேளையில் அது முன்பே முழுவதும் திறந்துதான் இருக்கும். திறந்திருக்கும் கதவைக் கழற்றி எறிவதால் அறைக்குள் காற்று அதிகமாக வந்துவிடாது. மாறாக, காலையில் என்ஜின் உரிய சூட்டை அடைய வெகுநேரமாகிறது; பெட்ரோல் ஆவியாகாமல் சிலிண்டர்ச் சுவரின் எண்ணெயைக் கழுவிக்கொண்டு இறங்குகிறது; என்ஜின் ஆயிலில் நீர் கலந்து, சிலிண்டர் விரைவில் தேய்கிறது. சந்தேகமிருந்தால் தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டி, அடுப்பில் நீர் வைத்த பாத்திரத்தில் தொங்கவிட்டுச் சூடாக்கிப் பாருங்கள். நீர் கொதிநிலையை எட்டுவதற்கு முன்பே அது மெல்ல வாய் திறந்தால் அதன்மேல் குற்றமில்லை.

அப்படியானால் குற்றம் எங்கே? பெரும்பாலும் நீரில். கடலை ஒட்டிய நம் பகுதியில் ஆழ்குழாய் நீர் கடினமானது. பல இடங்களில் உவர்ப்பானதும்கூட. அந்த நீரையே வருஷக்கணக்கில் ரேடியேட்டரில் ஊற்றி வந்தால், பாத்திரத்தின் அடியில் படியும் வெள்ளைப் பக்கு எப்படியோ அப்படியே என்ஜின் பிளாக்கின் பின்கோடியிலும் துருவும் சுண்ணாம்பும் சேறாக இறுகிவிடும். பிளாக்கின் பக்கவாட்டில் உள்ள கோர் பிளக்கைத் தட்டி எடுத்துவிட்டு, வளைந்த கம்பியால் கிளறினால், செங்கல் பொடிபோன்ற அந்தச் சேறு கைநிறைய வருவதைப் பிரத்தியட்சமாகக் காணலாம். அதை அகற்றி, வாலை நீரும் கூலன்டும் கலந்து ஊற்றி, இக்னிஷன் டைமிங் பின்தங்கியிருக்கிறதா என்றும் பார்த்துவிட்டால், சித்திரை வெயிலிலும் நெல்லித்தோப்பு நெரிசலில் முள் நடுவிலேயே நிற்கும்.

உப்புக் காற்றைப் பற்றி எல்லோரும் பயப்படுகிறார்கள். ஆனால் அதற்குச் செய்யும் பரிகாரம்தான் விபரீதமாகிறது. தார்ப்பாயை நன்றாக இழுத்துக் கட்டி மூடிவிட்டால் துரு அண்டாது என்று நம்புகிறோம். ஈரம் அதற்குள் சிறைப்பட்டு, இரவு குளிரும்போது தகட்டின்மேல் முத்து முத்தாக வியர்க்கிறது. துரு வளர அதைவிடச் சௌகரியமான இடம் வேறில்லை. காற்றோட்டமுள்ள கொட்டகையும், வேண்டுமானால் பருத்தித் துணி மூடலும் போதும். கதவின் அடியிலும் சில் என்கிற அடிப்பட்டையிலும் நீர் வடிய விட்ட சிறு துளைகள் பட்டியாலும் மண்ணாலும் அடைந்திருந்தால் குத்திவிட வேண்டும். மழைக்காலச் சாலையில் ஓடிய பிறகு வண்டியின் அடிப்பாகத்தை நல்ல நீரால் கழுவ வேண்டும். துருவை விட்டு மரத்துக்கு வந்தால், மார்கன் என்ற பழைய ஆங்கிலக் காரின் அடிச்சட்டமே மரம் என்பதும் தவறான செய்தி. அடிச்சட்டம் எஃகு, உடலைத் தாங்கும் கூடு மட்டுமே ஆஷ் மரம். எம்.ஜி. டி.சி., டி.டி. கார்களிலும் உடற்கூடு மரமே என்பதால், இந்த ஊரில் கரையானுக்கும் ஒரு கண் வைத்திருப்பது நல்லது.

உயிருக்கே ஆபத்து விளைவிக்கக்கூடிய ஒரு நம்பிக்கையை இனிச் சொல்கிறேன். ஹெரால்டும் ஸ்பிட்ஃபயரும் வைத்திருப்பவர்கள் சிரத்தையோடு கேட்க வேண்டும். அவற்றின் முன்சக்கரம் ஒவ்வொன்றையும் தாங்கும் செங்குத்து எஃகுத் தண்டின் கீழ்முனையில் மரை வெட்டி, அதை டிரனியன் என்னும் பித்தளை உறைக்குள் திருகி வைத்திருக்கிறார்கள். ஸ்டியரிங்கைத் திருப்புந்தோறும் அந்த மரைதான் சுழல்கிறது. அங்கே கிரீஸ் நிப்பிளுக்குரிய இடம் இருப்பதால் கிரீஸ்தான் அடிக்க வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. அப்படியே அடித்தும் வருகிறோம். கம்பெனிக் கைந்நூலோ அந்த இடத்துக்குக் கியர் பெட்டிக்குரிய கனத்த ஹைபாய்டு எண்ணெயைத்தான் விதிக்கிறது. கிரீஸ் நாளடைவில் மெழுகாக இறுகி, மரையின் ஆழத்துக்குப் போகாமல் வாயிலேயே நின்றுவிடுகிறது. நீர் மட்டும் உள்ளே புகுந்து எஃகை அரிக்கிறது. ஒருநாள், வேகமில்லாமல் சந்து திரும்பும்போது, தண்டு அந்த மரையிலேயே முறிந்து சக்கரம் வண்டிக்கடியில் மடிகிறது. எண்ணெய் கசிந்துதான் போகும். அதனாலேதான் சில மாதங்களுக்கொரு முறை, விளிம்பில் புது எண்ணெய் துளிர்க்கும்வரை மறுபடி ஏற்ற வேண்டியிருக்கிறது. கசிவதைக் கண்டு கிரீஸுக்கு மாறுவது நோயை விலைக்கு வாங்குவதாகும்.

பெட்ரோலைப் பற்றியும் சட்டத்தைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லலாம். இந்தியாவில் 2000-ஆம் ஆண்டோடு ஈயம் கலந்த பெட்ரோல் மறைந்ததால் பழைய என்ஜின்கள் பாழாகும் என்றார்கள். நெடுந்தூரம் உச்ச வேகத்தில் விரட்டினால்தான் எக்ஸாஸ்ட் வால்வின் இருக்கை தேயும். ஹெட்டைக் கழற்றும்போது கடின எஃகு இருக்கை பதித்துவிட்டால் அந்தக் கவலையும் ஒழியும். இன்று உண்மையாகவே கவனிக்க வேண்டியது பெட்ரோலில் கலக்கும் 20 சதவிகித எத்தனால். பழைய ரப்பர் குழாய்களும் தக்கை கேஸ்கெட்டுகளும் அதைத் தாங்க மாட்டா. அதைத் தாங்கும் குழாய்களாக மாற்றிவிட வேண்டும். 15 வருஷம் கழிந்த வண்டியை உடைத்தே தீர வேண்டும் என்பதும் டில்லிப் பகுதிக்குரிய தடையை நாடெங்கும் நீட்டிக்கொண்ட பயம். மற்ற இடங்களில் தகுதிச் சான்று பெற்றுப் பதிவைப் புதுப்பிக்கலாம். 50 ஆண்டுகளைக் கடந்து, மூல உருவம் மாறாதிருக்கும் வண்டிக்கு 2021-இல் வந்த விதிப்படி, மாநில எழுத்துக்களுக்குப் பின் வி.ஏ. என்ற எழுத்துகளோடு தனிப் பதிவும் உண்டு. அப்படிப் பதிந்த வண்டியை வியாபாரத்துக்கோ அன்றாட ஓட்டத்துக்கோ பயன்படுத்தக் கூடாது என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும்.

கடைசியாக, எனக்கு மிகவும் பிரியமான ஒரு விஷயம். இங்கிலாந்துக் காரில் எல்லா மரையும் அங்குலக் கணக்கில்தான் இருக்கும் என்பது பழைய மெக்கானிக்குகளின் அசையாத நம்பிக்கை. எம்.ஜி. டி.சி., டி.டி. கார்களின் 1250 சி.சி. என்ஜினில் அது பொய்த்துப்போகிறது. பாரிஸுக்கு அருகே சேன் தெனியில் பீரங்கியும் துப்பாக்கியும் செய்துவந்த ஹாட்ச்கிஸ் என்ற பிரெஞ்சுக் கம்பெனி, முதல் உலகப் போரின்போது இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் ஒரு தொழிற்சாலை நிறுவியது. அங்கிருந்த இயந்திரங்கள் மெட்ரிக் அளவில் மரை வெட்டுபவை. 1923-இல் ஆங்கிலக் கார் உற்பத்தியாளர் மாரிஸ் அந்தத் தொழிற்சாலையை வாங்கியபோது, இயந்திரங்களை மாற்றாமல் போல்ட்டின் தலையை மட்டும் ஆங்கிலேயத் தொழிலாளியின் விட்வொர்த் ஸ்பானருக்கு ஏற்ப அமைத்தார்கள். பல ஆண்டுகளுக்குப் பின் வந்த எம்.ஜி. என்ஜின் வரை அந்த மரபு தொடர்ந்தது. இதை அறியாத ஒருவர், 5/16 அங்குல போல்ட்டின் விட்டமும் 8 மில்லிமீட்டர் போல்ட்டின் விட்டமும் மயிரிழைதான் வேறு என்பதால், அங்குல போல்ட்டை அந்த என்ஜினின் துளையில் நுழைத்தால், அது இரண்டு சுற்றுப் போய் இறுகும். பலங்கொண்ட மட்டும் திருகினால் பிளாக்கின் மரையே உதிரும். கடையில் விற்கும் 8 மில்லிமீட்டர் போல்ட்டும் உதவாது. அதன் பிட்ச் 1.25, இதன் பிட்ச் 1.

அத்தகைய போல்ட் ஒன்றுக்காக நான் முத்தியால்பேட்டையில் ஒரு லேத் பட்டறைக்குப் போனேன். பெரியவர் பழைய போல்ட்டை வாங்கி, மரை அளக்கும் தகடுகளை ஒவ்வொன்றாக அதன்மேல் வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். 1 என்ற தகடு சந்தில்லாமல் படிந்ததும் தலையசைத்து, லேத்தின் பல்சக்கரங்களை மாற்றி மாட்டினார். நல்ல எஃகில் கடைந்து, தலையை விட்வொர்த் அளவுக்கு அறுகோணமாக அராவிக் கொடுத்தார். மறுநாள் எண்ணெய் தடவித் துளையில் வைத்தேன். ஸ்பானரைத் தொடாமல், இரண்டு விரலாலேயே கடைசிவரை போயிற்று. கூலி கொடுக்கப் போனபோது, "என்ன வண்டி தம்பி அது? தலை இங்கிலீஷா இருக்கு, மரை பிரெஞ்சா இருக்கே" என்று கேட்டார். எம்.ஜி. என்றேன். "கொண்டு வாங்க, ஒருநாள் பார்க்கணும்" என்றார்.