அடங்காப் பசி: அது பிள்ளையின் குற்றமன்று

“டாக்டர், என் மகன் வீட்டிலேயே திருடுகிறான்.”

சில ஆண்டுகளுக்கு முன் புறநோயாளர் பிரிவில் என் எதிரே அமர்ந்த ஒரு தாய், தாழ்ந்த குரலில் இவ்வாறு தொடங்கினார். மகனுக்கு ஒன்பது வயது. நள்ளிரவில் எழுந்து, மறுநாளைக்கு அரைத்து வைத்திருந்த இட்லி மாவைக் கரண்டியால் அள்ளி உண்டிருக்கிறான். பள்ளியில் பிற பிள்ளைகளின் சாப்பாட்டு டப்பாக்களைத் திறந்திருக்கிறான். தந்தை அடித்துப் பார்த்துவிட்டார். பாட்டியோ, ‘வளர்கிற பிள்ளையின் வயிற்றில் அடிக்காதே’ என்று சொல்லி, ஒளித்து முறுக்குக் கொடுத்து வந்தார். காட்டிய இடங்களிலெல்லாம் ‘உணவைக் குறையுங்கள், கண்டித்து வளருங்கள்’ என்பதே அறிவுரை. பயிற்சிக் காலத்தில் நானும் இத்தகைய பிள்ளைகளின் சீட்டில் அதே வரியை எழுதி அனுப்பியவன்தான்.

அந்தத் தாயிடம் நான் முதலில் கேட்டது ஒரே கேள்வி: “பிறந்தபோது எப்படிப் பால் குடித்தான்?”

“குடிக்கவே இல்லை, டாக்டர். துணிபோலத் துவண்டு கிடந்தான். அழும் சத்தம்கூடக் கேட்காது. மூக்கு வழியாகக் குழாய் வைத்துத்தான் பால் கொடுத்தார்கள்.”

பால் உறிஞ்ச வலுவின்றிப் பிறந்த குழந்தை, சில ஆண்டுகளில் எவ்வளவு உண்டாலும் நிறைவடையாத பிள்ளையாக மாறுகிறது. இந்த வரிசையே நோயைக் காட்டித்தரும் முதன்மையான தடயம். இரத்தப் பரிசோதனை அதனை உறுதிசெய்தது. அவனுக்கு இருந்தது பிராடர்-வில்லி சிண்ட்ரோம்.

இது எதனால் வருகிறது?

பிராடர், லாப்ஹார்ட், வில்லி என்னும் சுவிட்சர்லாந்து மருத்துவர்கள் 1956ஆம் ஆண்டு இந்நோயை விவரித்தனர். ஏறத்தாழ 10,000 முதல் 30,000 பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவில் இது காணப்படுகிறது. நம் 15ஆம் குரோமோசோமின் ஒரு பகுதியில், தந்தையிடமிருந்து வந்த மரபணுக்கள் மட்டுமே செயல்படும். தாயிடமிருந்து வந்தவை இயல்பாகவே உறங்குநிலையில் இருக்கும். தந்தைவழிப் பகுதி இல்லாமற்போனால், அந்த வேலையைச் செய்ய வேறு மரபணு இல்லை.

பெரும்பாலானோரில் இது கரு உருவாகும் காலத்தில் தற்செயலாக நேர்வது. கருவுற்றபோது தாய் உண்டதாலோ உண்ணாததாலோ, சொந்தத்தில் மணந்ததாலோ வந்ததன்று. அடுத்த குழந்தைக்கு வரும் வாய்ப்பும் பெரும்பாலான குடும்பங்களில் நூற்றில் ஒன்றுக்கும் குறைவே. மிகச் சில குடும்பங்களில் மட்டும் அது கூடுதல் என்பதால், மரபியல் ஆலோசனை பெற்ற பின்னரே அடுத்த குழந்தையைப் பற்றி முடிவெடுப்பது நல்லது.

பசி ஏன் அடங்குவதில்லை?

வீட்டின் மேல்நிலைத் தொட்டி நிரம்பியதும் மோட்டாரை நிறுத்துவதற்கு ஒரு மிதவை இருக்கும். நம் மூளையில் ஹைப்போதலாமஸ் என்னும் சிறு பகுதி அந்த வேலையைச் செய்கிறது. வயிறு, குடல், கொழுப்புத் திசு ஆகியவை அனுப்பும் ஹார்மோன் செய்திகளைப் பெற்று, ‘போதும்’ என்று சொல்வது அதுவே. இந்நோயில் அந்த மிதவை சரிவர வேலை செய்வதில்லை. பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் ஹார்மோனும் இவர்கள் இரத்தத்தில் மிகுந்து காணப்படுகிறது. எனவே உணவை முடித்து எழும் பிள்ளைக்கும், உண்ணாமல் இருப்பது போன்ற உணர்வே நீடிக்கிறது.

மற்றொரு சிக்கலும் உண்டு. தசை குறைவாக இருப்பதால், இவர்கள் உடல் செலவிடும் ஆற்றலும் குறைவு. அண்ணன் உண்ணும் அதே அளவை உண்டாலும் இந்தப் பிள்ளைக்கு எடை கூடும். பசி மிகுவதற்கு முன்பே, ஏறத்தாழ இரண்டு வயதில் எடை ஏறத் தொடங்குவது இதனால்தான். நாலைந்து வயதில் உணவின்மேல் நாட்டம் கூடுகிறது. எட்டு வயதை ஒட்டிப் பலருக்கு அது அடங்காப் பசியாக முற்றுகிறது.

நன்றாக உண்ணும் பிள்ளைகள் எல்லோருக்கும் இந்நோய் இருப்பதாக அஞ்ச வேண்டியதில்லை. பிறந்தபோது தசைத்தளர்ச்சி, தாமதமான நடையும் பேச்சும், குட்டையான உருவம், சிறிய கைகால்கள், ஆண் குழந்தைகளில் விரைகள் இறங்காமை ஆகியவை சேர்ந்திருந்தால் மெத்திலேஷன் என்னும் மரபணுப் பரிசோதனை தேவை. இந்நோய் உள்ளவர்களில் ஏறத்தாழ அனைவரையும் அது கண்டுபிடித்துவிடும்.

அடங்காப் பசி தரும் வேறு அரிய நோய்களும் உண்டு. பிறந்த சில மாதங்களிலேயே கடும்பசியும் விரைவான எடையேற்றமும் தோன்றினால் லெப்டின் என்னும் ஹார்மோனின் குறைபாட்டை எண்ண வேண்டும். அதற்கு அந்த ஹார்மோனையே ஊசியாகச் செலுத்தலாம். மிகை விரல்கள், மாலைக்கண், சிறுநீரகக் கோளாறு ஆகியவை இருந்தால் அது பார்டெட்-பீடில் சிண்ட்ரோமாக இருக்கலாம். இவ்விரண்டும் சொந்தத்தில் மணந்த குடும்பங்களில் கூடுதலாகக் காணப்படுபவை. ஒவ்வொன்றுக்கும் மருத்துவம் வேறு என்பதால் பெயரை உறுதிசெய்வது இன்றியமையாதது.

வீட்டில் செய்ய வேண்டியவை

இந்நோயைக் கையாள்வோர் மூன்று ‘இல்லை’களை வலியுறுத்துகின்றனர். அடுத்த வேளை எப்போது, என்ன உணவு என்பதில் ஐயம் இல்லை. இடையில் வேறேதும் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பு இல்லை. எனவே ஏமாற்றமும் இல்லை. நடைமுறையில் இதன் பொருள் பின்வருமாறு.

உணவு நேரங்களையும் உணவு வகைகளையும் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்; அதனை மாற்றாதீர்கள். பாத்திரங்களைக் கூடத்துக்குக் கொண்டுவராமல், அடுக்களையிலேயே தட்டில் அளவாகப் பரிமாறி எடுத்து வாருங்கள். அளவை உணவியல் வல்லுநரே வகுக்க வேண்டும். தாமாகப் பட்டினி போடுவது வளர்ச்சியைக் கெடுக்கும்.

அடுக்களையையும் ஃபிரிட்ஜையும் பூட்டுங்கள். குப்பைக் கூடையும் கைப்பணமும் எட்டும் இடத்தில் இருக்கக்கூடாது. தெருமுனைக் கடைக்காரரிடமும் வகுப்பாசிரியரிடமும் நோயைப் பற்றிச் சொல்லிவையுங்கள். கல்யாணப் பந்தி, கோயில் பிரசாதம், வகுப்பில் பிறந்தநாள் சாக்லேட் ஆகியவற்றில் எது, எவ்வளவு என்பதை வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே பிள்ளையுடன் பேசி முடிவுசெய்யுங்கள்.

உணவைப் பரிசாகவும் தராதீர்கள். தண்டனையாக மறுக்கவும் செய்யாதீர்கள். எடுத்து உண்டுவிட்டால் அடிக்காதீர்கள். அன்று திறந்திருந்த கதவு எது என்று பாருங்கள்.

தாத்தா பாட்டியரிடம் ஒரு வேண்டுகோள். தாங்கள் அன்பினால் ஒளித்துத் தரும் ஒரு முறுக்கு, ‘கேட்டால் கிடைக்கும்’ என்ற எதிர்பார்ப்பை அந்தப் பிள்ளையின் மனத்தில் விதைக்கிறது. பிறகு நாள் முழுவதும் அதனையே எண்ணி அது தவிக்கும்.

உடனே மருத்துவமனைக்கு வர வேண்டியவை

இவர்களுக்கு வலியுணர்வு குறைவு. வாந்தியும் அரிதாகவே வரும். மிகையாக உண்டபின் இரைப்பை விரிந்து அழுகவோ கிழியவோ கூடும். அது உயிருக்கு ஆபத்தானது. வயிற்று வலி, வயிறு உப்புதல், வாந்தி, திடீரென உணவில் விருப்பமின்மை ஆகியவற்றுள் எதுவாயினும் அன்றிரவே அவசரப் பிரிவுக்கு வாருங்கள். நோயின் பெயரைக் கூறுங்கள். ‘சாப்பிட்டது செரிக்கவில்லை’ என்று கஷாயம் கொடுத்துக் காத்திருக்க வேண்டாம். விரைந்து விழுங்குவதால் மூச்சுக்குழல் அடைபடும் ஆபத்தும் உண்டு. உண்ணும்போது ஒருவர் உடனிருங்கள்.

மருந்துகள்

அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு முதல் இக்குழந்தைகளுக்கு வளர்ச்சி ஹார்மோன் ஊசி ஏற்கப்பட்டுள்ளது. தசையையும் உயரத்தையும் அது மேம்படுத்தும், பசியை அடக்காது. தொடங்குவதற்கு முன் உறக்கத்தில் மூச்சுத் தடைபடுகிறதா என்று பரிசோதிக்க வேண்டும். நம் நாட்டின் 2021ஆம் ஆண்டு தேசிய அரிய நோய்க் கொள்கையிலும் இச்சிகிச்சை இடம்பெற்றுள்ளது. உதவி பெறும் வழியை எங்கள் பிரிவில் கேட்டறியலாம். அடங்காப் பசிக்கெனவே டயசாக்சைடு கோலின் என்னும் மாத்திரையை, நான்கு வயது நிறைந்தோருக்கு, அமெரிக்கா 2025 மார்ச்சில் ஏற்றது. சர்க்கரை உயர்வு, உடல் வீக்கம் ஆகியவற்றைக் கண்காணித்தே அதனைத் தர வேண்டும். பசியை அடக்கும் என்று விளம்பரம் செய்யப்படும் பொடிகளை நம்ப வேண்டாம்.

அந்தச் சிறுவனின் நோய் நீங்கவில்லை. நீங்கும் என்று நான் வாக்களிக்கவும் இல்லை. ஆனால் வீட்டில் அடி நின்றது, எடையேற்றமும் நின்றது. அடுக்களைக் கதவுக்குப் பூட்டு வாங்கிய நாளில் தாய் அழுதாராம். ஓராண்டுக்குப் பின் வந்தபோது அவர் சொன்னதை இங்கு எழுதுகிறேன்.

“இப்போது படுக்கப் போகும்முன் அவனே கேட்கிறான், டாக்டர்: ‘அம்மா, பூட்டியாச்சா?’ பூட்டியாச்சு என்றால் நிம்மதியாகத் தூங்கிவிடுகிறான்.”