திருப்புளியைக் கீழே வையுங்கள்

கேள்வி: அமெரிக்காவில் வசிக்கிறேன். பழம்பொருள் சந்தையில் 23 சேனல் வால்வு சிபி பேஸ் ரேடியோ கிடைத்தது. ஒரே உறுமல். காயில்களைத் திருகி அலைன் செய்தால் சரியாகுமா?

பதில்: ஆகாது. முதலில் திருப்புளியைக் கீழே வையுங்கள்! இரும்பு முனை பட்டால் காயிலுக்குள் இருக்கும் ஃபெரைட் திருகு நொறுங்கிவிடும். அதற்கென்று பிளாஸ்டிக் திருகி உண்டு.

23 சேனல் என்றால் 1977-க்கு முந்தைய வடிவமைப்பு. அந்த ஆண்டுதான் அங்கே 40 சேனல் வந்தது. இந்த வயதில் உறுமினால் பெரும்பாலும் பவர் சப்ளையின் எலக்ட்ரோலிடிக் கப்பாசிட்டர்கள் காய்ந்திருக்கும். மாற்றுங்கள். ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் அவற்றில் சில நூறு வோல்ட் தங்கியிருக்கலாம். டிஸ்சார்ஜ் செய்யாமல் கை வைக்காதீர்கள். வால்வு சாக்கெட், சேனல் சுவிட்சையும் சுத்தம் செய்யுங்கள். பாதி நோய் இதிலேயே போய்விடும்.

அலைன்மென்ட் கடைசி வேலை. சிக்னல் ஜெனரேட்டர் வைத்து முதலில் ஐ.எஃப்., பிறகு 27 மெகாஹெர்ட்ஸ் பகுதி. டிரான்ஸ்மிட்டரைச் சரிசெய்யும்போது ஆன்டெனாவுக்குப் பதில் 50 ஓம் டம்மி லோடு. ஏ.எம்.மில் 4 வாட்தான் சட்டம் தரும் வரம்பு. கூட்டித் தருகிறேன் என்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.