பாவித்த ஹைபிரிட் எஸ்டேட் கார்: டீலரிடமா, தெரிந்தவரிடமா?

கேள்வி: நாங்கள் ஹரோவில் இருக்கிறோம். இரண்டு சிறு பிள்ளைகள். ஊரிலிருந்து வந்த அம்மாவும் எங்களோடுதான். அம்மாவின் சக்கரநாற்காலியும் சின்னவனின் தள்ளுவண்டியும் ஒன்றாக ஏறக்கூடிய கார் வேண்டும் என்பதால் பாவித்த ஹைபிரிட் எஸ்டேட் ஒன்றைத் தேடுகிறோம். 2020-ஆம் ஆண்டு ரொயோட்டா கொறோலா ரூறிங் ஸ்போர்ட்ஸ் 1.8 இரண்டு கிடைத்திருக்கின்றன. டீலர் 14,000 பவுண் கேட்கிறார். “பற்றரிக்கு 15 வருட உத்தரவாதம், ஹைபிரிட் என்பதால் லண்டன் நெரிசல் கட்டணமும் இல்லை” என்கிறார். மற்றது எங்கள் ஊர்க்காரர் ஒருவருடையது. காசாகக் கொடுத்தால் 12,400-க்குத் தருகிறாராம். தெரிந்தவரிடம் வாங்குவதுதான் பாதுகாப்பு என்கிறார் கணவர். வாங்கிய பிறகு பழுது வந்தால் திருப்பிக் கொடுக்க முடியுமா? எதை வாங்குவது?
வாசகி, ஹரோ

பதில்: இரண்டு காருக்கும் இடையில் 1,600 பவுண் வித்தியாசம். அந்தப் பணத்துக்கு டீலரிடம் உங்களுக்குக் கூடுதலாகக் கிடைப்பது என்ன என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம், வியாபாரி ஒருவர் நுகர்வோருக்கு விற்கும் பாவித்த காருக்கும் பொருந்தும். கார் திருப்திகரமான தரத்தில் இருக்க வேண்டும். நீங்கள் சொல்லி வாங்கிய தேவைக்கு உதவ வேண்டும். விவரித்தபடி இருக்க வேண்டும். தனியாள் ஒருவர் தன் சொந்தக் காரை விற்கும்போது இந்த மூன்றில் கடைசி ஒன்றுதான் மிஞ்சும். அவர் சொன்னது பொய் என்றால் வழக்குப் போடலாம். அவர் வாய் திறக்காமல் விட்ட பழுதுக்கு அநேகமாக எதுவும் செய்ய முடியாது. அடுத்த வாரமே ஹைபிரிட் எச்சரிக்கை விளக்கு எரிந்தாலும் செலவு உங்களுடையது.

ஊர்க்காரர் என்ற நம்பிக்கையை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அவரிடம் வாங்கிய கார் பழுதானால் நீங்கள் பணத்தை மட்டும் இழப்பதில்லை; கோயிலிலும் கலியாண வீட்டிலும் முகம் கொடுத்துப் பேச முடியாத நிலை வருகிறது. அந்தச் சங்கடத்துக்காகவே நியாயமான கோரிக்கையைக் கைவிட்டவர்களை என் அலுவலகத்தில் பார்த்திருக்கிறேன். உரிமை இருந்தும் கேட்க மனம் வராது என்றால் அந்த உரிமையால் பயனில்லை.

அவரைப் பற்றி இன்னொன்றையும் விசாரியுங்கள். அவர் இந்த ஒரு காரைத்தான் விற்கிறாரா, அல்லது மாதத்துக்கு ஒன்றிரண்டு கார் வாங்கி விற்பவரா? அவருடைய தொலைபேசி எண் வேறு விளம்பரங்களிலும் இருக்கிறதா? லொக் புக்கில் இருப்பது அவர் பெயரா? இலாபத்துக்காகத் தொடர்ந்து கார் விற்பவர், கடை இல்லாவிட்டாலும், வீட்டு வாசலில் நின்று விற்றாலும், சட்டப்படி வியாபாரிதான். தன்னைத் தனியாள் என்று காட்டிக்கொள்வது தடைசெய்யப்பட்ட வணிக நடைமுறை. டீலருக்குரிய அத்தனை கடமையும் அப்போது அவருக்கும் உண்டு. ஆனால் ரசீது இல்லாமல் காசாகக் கொடுத்துவிட்டு, பிறகு அவர் வியாபாரிதான் என்று நிரூபிக்கப் போவது நீங்கள்.

லொக் புக் உரிமைப் பத்திரம் அல்ல என்பதையும் மறக்க வேண்டாம். வாகனத்துக்கு யார் பொறுப்பாளர் என்பதை மட்டுமே அது காட்டும். காரின் மேல் கடன் நிலுவை இருக்கிறதா, அது விபத்தில் கழிக்கப்பட்ட வண்டியா என்பதை ஒரு எச்.பி.ஐ. சோதனை காட்டிவிடும், சிறு செலவுதான். கடன் நிலுவை தெரியாமல் நல்லெண்ணத்தோடு வாங்கிய தனியாளுக்கு 1964-ஆம் ஆண்டின் தவணைமுறைக் கொள்வனவுச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது என்றாலும், அதற்காக நிதி நிறுவனத்தோடு கடிதப் போர் நடத்த வேண்டி வரும்.

இனி டீலர். திருப்பிக் கொடுக்க முடியுமா என்று கேட்டீர்கள். மனம் மாறிவிட்டது என்பதற்காக முடியாது. காட்சியறைக்குப் போய்ப் பார்த்து வாங்கிய காருக்கு அப்படி ஓர் உரிமை இல்லை. டீலரை நேரில் காணாமல் இணையத்திலோ தொலைபேசியிலோ முழுதாகப் பேசி முடித்து வாங்கினால்தான், கார் கைக்கு வந்ததிலிருந்து 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே விலகலாம்.

பழுது என்றால் கதை வேறு. முதல் 30 நாட்களுக்குள், விற்றபோதே இருந்த பழுது வெளிப்பட்டால், காரை நிராகரித்து முழுப் பணத்தையும் கேட்கலாம். இந்த 30 நாள் எப்படி வந்தது என்பதற்கு ஒரு பின்னணி உண்டு. 1980-களில் இங்கிலாந்தில் ஒருவர் வாங்கிய புத்தம்புதிய நிசான் கார், மூன்று வாரத்தில், 140 மைல் ஓடியதும் இயந்திரம் இறுகி நின்றது. கார் குறைபாடானது என்று ஏற்ற நீதிமன்றம், நிராகரிக்கும் காலம் கடந்துவிட்டது என்றும் சொன்னது. எத்தனை நாள் என்று எவருக்கும் தெரியாத அந்த நிலையைத்தான் 2015-ஆம் ஆண்டுச் சட்டம் மாற்றியது. ஆனால் இந்த 30 நாள் நிராகரிப்பில் பழுதை நிரூபிக்கும் சுமை உங்களுடையது. ஆகவே விளக்கு எரிந்ததும் படம் எடுங்கள், சுயாதீனமான ஒரு கராஜில் அறிக்கை எடுங்கள், “இந்தக் காரை நிராகரிக்கிறேன்” என்று மின்னஞ்சலில் தெளிவாக எழுதுங்கள். எழுதிய பிறகு அந்தக் காரை ஓட்ட வேண்டாம். நிராகரித்த காரில் பாடசாலைக்கும் வேலைக்கும் போய்வந்தால், உங்கள் வழக்கை நீங்களே பலவீனமாக்குகிறீர்கள்.

டீலர் “கொண்டுவாருங்கள், திருத்தித் தருகிறேன்” என்பார். நீங்கள் சம்மதித்தால் திருத்தும் நாட்களுக்கு அந்த 30 நாள் கணக்கு நிற்கும். கார் திரும்பி வந்தபின் உங்களுக்குக் குறைந்தது ஏழு நாளாவது இருக்கும். 30 நாள் முடிந்த பின் டீலருக்கு ஒரு தடவை திருத்த வாய்ப்புக் கொடுக்க வேண்டும். ஒரே தடவைதான். அதன் பிறகும் கார் சரியில்லை என்றால் விலைக் குறைப்போ இறுதி நிராகரிப்போ உங்கள் தெரிவு. இந்தத் தீர்வுகளைக் கேட்கும்போது, முதல் ஆறு மாதத்துக்குள் தெரியவரும் பழுது விற்றபோதே இருந்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும்; இல்லை என்று காட்ட வேண்டியவர் டீலர். ஒன்று மட்டும்: வேறு பொருட்களுக்கு முதல் ஆறு மாதத்தில் பாவனைக்காகப் பணம் கழிக்க முடியாது, காருக்குக் கழிக்கலாம். ஓடிய மைலுக்கு ஏதோ ஒரு தொகை கழிபடும் என்று எதிர்பாருங்கள். “பார்த்தபடி விற்பனை, திருப்பி எடுக்கமாட்டோம்” என்று ரசீதில் அச்சடித்திருந்தாலும் நுகர்வோருக்கு எதிராக அது செல்லாது.

இவ்வளவும் சொன்ன பிறகு ஓர் எச்சரிக்கை. திருப்திகரமான தரம் என்பது காரின் வயது, மைல், விலை ஆகியவற்றோடு சேர்த்துத்தான் அளக்கப்படும். 1997-இல் ஸ்கொட்லாந்தின் ஷெரிஃப் நீதிமன்றத்துக்கு வந்த வழக்கில், ஏறத்தாழ 80,000 மைல் ஓடிய ரெனோ காரை 3,000 பவுண் அளவில் வாங்கிய ஒருவர், இரண்டு வாரத்தில் கியர்பெட்டி கெட்டும் தோற்றார். அந்த விலைக்கும் அந்த மைலுக்கும் அது எதிர்பார்க்கக்கூடிய ஆபத்து என்றது நீதிமன்றம். உங்கள் கார் 14,000 பவுண். எதிர்பார்ப்பும் அதற்கேற்ப உயரும். ஆனாலும் எம்.ஓ.ரி. சோதனை வரலாற்றை அரச இணையத்தளத்தில் பாருங்கள்; இலவசம். 2020-ஆம் ஆண்டுக் காருக்கு 2023 முதல் பதிவு இருக்க வேண்டும். மைல் ஆண்டுக்கு 25,000, 30,000 என்று ஏறியிருந்தால் அது மினிகாப்பாக ஓடியிருக்கலாம். லண்டனில் ரொயோட்டா ஹைபிரிட்டுகளை மினிகாப் ஓட்டுநர்கள் விரும்பி வாங்குகிறார்கள். மினிகாப்பாக ஓடியது குற்றமல்ல, மறைத்தது குற்றம். “தனியார் வாடகைக்கு ஓடியதா?” என்று எழுத்தில் கேளுங்கள். பதிலும் எழுத்தில் வரட்டும்.

பற்றரி உத்தரவாதம் பற்றி டீலர் சொன்னது பாதி உண்மை. ரொயோட்டாவின் அதிகாரபூர்வ நிலையத்தில் ஆண்டுதோறும் ஹைபிரிட் பரிசோதனை செய்து காரும் தேறினால், அடுத்த பரிசோதனை வரை ஹைபிரிட் பற்றரிக்குப் பாதுகாப்புக் கிடைக்கும். காருக்கு 15 வயதாகும் வரை அப்படி நீட்டிக்கலாம். அதாவது 15 வருடம் மொத்தமாகக் கிடைப்பதில்லை, வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். அதைத் தருவதும் ரொயோட்டா; டீலர் அல்ல. பற்றரி தவிர்ந்த பாகங்களுக்கும் அதே போல, அங்கே சேவை செய்வித்தால் காருக்கு 10 வயது அல்லது 100,000 மைல் வரை நீளும் உத்தரவாதம் உண்டு. கடைசிச் சேவையும் கடைசி ஹைபிரிட் பரிசோதனையும் எப்போது நடந்தன என்ற பதிவைக் கையில் வாங்காமல் முற்பணம் கட்டாதீர்கள். என்னைக் கேட்டால், காரின் நிறத்தையும் சக்கரத்தின் அழகையும் விட அந்தத் தாளுக்குத்தான் பணம் கொடுக்க வேண்டும்.

நெரிசல் கட்டணம் பற்றி அவர் சொன்னது பிழை. 2021 ஒக்டோபர் 25 முதல் ஹைபிரிட்டுக்கு அந்தச் சலுகை இல்லை. மத்திய லண்டனுக்குள் போனால் கட்ட வேண்டும். இந்தக் கார் யூலெஸ் எனும் புகை வலயத்தின் தரத்தை எட்டுகிறது, ஆகவே அந்த 12.50 பவுண் கட்டணம் வராது. டீலர் இரண்டையும் குழப்பியிருக்கலாம். ஆனால் இவ்வளவு எளிய விடயத்தைப் பிழையாகச் சொல்பவர் மற்றவற்றில் எப்படி என்று யோசியுங்கள். அவருடைய வாய்ச்சொல் எதையும் அப்படியே எடுக்க வேண்டாம்.

வாங்கும் முன் அவருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு, நீங்கள் முன்கூட்டியே தெரிவித்த குறிப்பிட்ட தேவைக்குப் பொருள் உதவ வேண்டும் என்கிறது. ஆங்கிலத்தில், இந்தப் பொருள்பட: “இந்தக் காரைக் குடும்பப் பாவனைக்கு வாங்குகிறேன். பின்னிருக்கையில் இரண்டு குழந்தை இருக்கைகளுக்கு நடுவில் ஒரு பெரியவர் அமர வேண்டும். பின்பெட்டியில் மடித்த சக்கரநாற்காலியும் தள்ளுவண்டியும் ஒன்றாக ஏற வேண்டும். ஹைபிரிட் பற்றரி உத்தரவாதம் இன்றும் நடைமுறையில் இருப்பதாகச் சொன்னீர்கள். இவற்றை உறுதிசெய்யுங்கள்.” இதற்கு அவர் ‘ஆம்’ என்று பதில் எழுதினால், அது நீதிமன்றத்தில் நிற்கும்.

அதற்காக மின்னஞ்சலை மட்டும் நம்பியிருக்கவும் வேண்டாம். இந்த 1.8-இன் பின்பெட்டி 596 லீற்றர், 2.0 வகையில் 581. இரண்டுமே தாராளம். என் கவலை பின்னிருக்கையின் அகலம்தான். இரண்டு குழந்தை இருக்கைகளையும் பூட்டி, நடுவில் அம்மாவை அமர்த்தி, அவரால் இடுப்புப் பட்டியைத் தானே மாட்ட முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் அம்மாவை முன்னால் இருத்தி நீங்கள் நடுவில் அமர்ந்து பார்க்க வேண்டியதுதான். இதை டீலரின் முற்றத்தில் செய்ய வெட்கப்பட வேண்டாம். பின்னிருக்கைப் பக்கம் பற்றரிக்குக் காற்றிழுக்கும் துவாரம் ஒன்று இருக்கும்; போர்வை, பை, பிளாஸ்ரிக் விரிப்பு எதுவும் அதை மூடக்கூடாது. அடைபட்டுப் பற்றரி சூடேறினால், பழுது உங்கள் பாவனையால் வந்தது என்று டீலர் வாதிட இடம் கிடைக்கும். இதோடு இன்னொன்று: நாட்கணக்காக நிறுத்திவைத்த ஹைபிரிட் காலையில் உயிர்பெற மறுத்தால், அநேகமாகக் குற்றவாளி சிறிய 12 வோல்ட் பற்றரிதான். அது தேய்மானப் பொருள். அதற்காக நிராகரிப்புக் கடிதம் எழுதிவிடாதீர்கள்.

செருகி ஏற்றும் வகை எஸ்டேட்டுகளையும் யாராவது பரிந்துரைப்பார்கள். வீட்டில் சார்ஜ் செய்ய இடமில்லாதவர்களுக்கு அதை நான் சொல்லமாட்டேன். அவற்றில் பல புதிதாக விற்றபோது 40,000 பவுணைத் தாண்டியவை. அப்படியானவற்றுக்கு இரண்டாம் ஆண்டிலிருந்து ஐந்து ஆண்டுகள் மேலதிக வீதி வரி உண்டு. பாவித்ததை மலிவாக வாங்கினாலும் அந்தக் காலம் முடியும் வரை வரி தொடரும். உங்கள் கொறோலா அந்த எல்லைக்குக் கீழே.

பணம் கட்டும் முறையை நான் கடைசியில் வைத்ததற்குக் காரணம், பெரும்பாலானோர் தவறவிடுவது இதைத்தான். முற்பணத்தை, அது 200 பவுணாக இருந்தாலும், கடனட்டையில் கட்டுங்கள். 1974-ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவு, விலை 100 பவுணுக்கு மேலாகவும் 30,000-க்கு மேற்படாமலும் உள்ள பொருளில் ஒரு பகுதியைக் கடனட்டையில் கட்டியிருந்தாலே, முழு விலைக்கும் அட்டை நிறுவனத்தை டீலரோடு சேர்த்துப் பொறுப்பாளியாக்குகிறது. டீலர் கடையை மூடிவிட்டுப் போனாலும் அந்தப் பொறுப்பு போகாது. பற்று அட்டைக்கு இந்தப் பிரிவு கிடையாது. அட்டைக்கு மேலதிகக் கட்டணம் கேட்டால் மறுங்கள். 2018 ஜனவரியிலிருந்து அது தடை. எச்.பி. அல்லது பி.சி.பி. என்ற தவணை முறைகளில் வாங்கினால் உங்களுக்குச் சட்டப்படி விற்பவர் நிதி நிறுவனம். முறைப்பாடும் அவர்களுக்கே போக வேண்டும். எட்டு வாரத்தில் தீர்வு வராவிட்டால், அல்லது அவர்கள் மறுத்து இறுதிக் கடிதம் எழுதிய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள், நிதி ஒம்புட்ஸ்மனிடம் கட்டணமில்லாமல் போகலாம். டீலருக்கு எதிராக நேரே போவதென்றால், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 10,000 பவுண் வரையான கோரிக்கை சிறு கோரிக்கைப் பிரிவில் நடக்கும். உங்கள் முழு விலை அதற்கு மேல் போவதால் செலவு ஆபத்துக் கூடும். 75-ஆம் பிரிவின் வழி உங்களுக்கு இன்னும் பெறுமதியாவது அதனால்தான்.

ஆகவே டீலரின் காரை வாங்குங்கள், ஹைபிரிட் பரிசோதனைப் பதிவு கைக்கு வந்தால் மட்டும். வராவிட்டால் இரண்டையும் விட்டு மூன்றாவதைத் தேடுங்கள். ரசீது யார் பெயரில் வருகிறது என்பதிலும் கவனம் வேண்டும். அட்டைக் கணக்கு கணவருடையதாக இருந்து, அவருடைய கணக்கில் எடுத்த மேலதிக அட்டையால் நீங்கள் கட்டி, காரின் ரசீதும் உங்கள் பெயரில் மட்டும் இருந்தால், அட்டை நிறுவனம் 75-ஆம் பிரிவுக் கோரிக்கையை மறுக்க அது ஒரு காரணமாகும். கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர் பெயரையும் ரசீதில் எழுதச் சொல்லுங்கள்.